வசனம் வசனமாகப் போவது மட்டும் போதுமா?
வேதாகமத்திலுள்ள ஒரு நிருபத்தை (கடிதத்தை) முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை வரிசையாகப் பேசினால் அதுவே விளக்கவுரைப் பிரசங்கம், அதாவது வேதபகுதியை விளக்கிச் சொல்லும் பிரசங்கம், என்று அதைப் பற்றிய ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 1519 ஜனவரியில் சூரிச்சில் சீர்திருத்தவாதியான சுவிங்கிலி மத்தேயு சுவிசேஷத்தைத் தொடர்ச்சியாகப் பிரசங்கிக்கத் தொடங்கியதும், ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்ட மற்றொரு சீர்திருத்தவாதியான கால்வின் 1541இல் திரும்பி வந்து, தம் பிரசங்கத்தை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்ததும் வரிசைக்கு நல்ல சான்றுகள்தான். ஆனால் வரிசை ஒரு வழிமுறையே தவிர, விளக்கவுரைப் பிரசங்கத்தின் இலக்கணம் அல்ல. வேதபகுதி எதைச் சொல்ல வருகிறதோ அதுவே பிரசங்கத்தின் மையக் கருத்தாகவும் அமைய வேண்டும் என்பதே அடிப்படை. பிலிப்பியர் நிருபத்தை வாரந்தோறும் வரிசையாகப் பேசிவந்த ஒரு போதகர், 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்னும் 4:13க்கு வந்ததும், அதைத் தேர்விலும் தொழிலிலும் வெற்றி பெறுவதற்கான வாக்குத்தத்தமாக விளக்கியதைக் கேட்டிருக்கிறேன்; பட்டினியிலும் நிறைவிலும் மனரம்மியமாயிருக்க (மனநிறைவோடிருக்க) கற்றுக்கொண்டதைப் பற்றிச் சிறையிலிருக்கும் பவுல் பேசும் முந்தைய இரண்டு வசனங்களை முந்தின வாரம்தான் அவரே வாசித்திருந்தார் என்பது வேடிக்கை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் இத்தகைய பிரசங்கம் படித்தவர்களுக்கு மட்டுமே ஏற்றது என்கிறார்; ஆனால் பழைய ஏற்பாட்டின் நெகேமியா 8ஆம் அதிகாரத்தில், புருஷரும் ஸ்திரீகளும் கேட்டு அறியத்தக்க அனைவரும் கூடியிருந்த சபையில்தான் நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) வாசிக்கப்பட்டு, அர்த்தம் சொல்லப்பட்டது, கேட்டவர்கள் அழுதார்கள், பின்பு தங்களுக்கு அறிவிக்கப்பட்ட வார்த்தைகளை உணர்ந்துகொண்டதால் மகிழ்ச்சியோடு கலைந்துபோனார்கள்.