சொல்லாலும் கூடாது, சைகையாலும் கூடாது

(வேலூர், ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு சந்து. அதில் ஒரு ஸ்கேன் மையத்தின் வாசல். மே மாதம், மணி பத்துதான், ஆனால் வெயிலைக் கேட்டால் பன்னிரண்டு என்று சொல்லும். உள்ளே மருமகளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். வெளியே திண்ணையில் மாமியார் மங்கம்மாள்; இலவம்பாடியில் அரை ஏக்கர் கத்திரித் தோட்டம் வைத்திருப்பவர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காவலாளி ஏகாம்பரம்.)

மங்கம்மாள்: அண்ணா, இந்தப் பை உங்கள் நாற்காலிக்கு அடியில் இருக்கட்டும்.

ஏகாம்பரம்: என்ன அம்மா அது?

மங்கம்மாள்: எங்கள் தோட்டத்து முள்ளுக் கத்திரிக்காய். விடியற்காலையில் பறித்தது. எண்ணெய்க் குழம்பு வைத்தால் காட்பாடி வரைக்கும் மணக்கும்.

ஏகாம்பரம்: (மஞ்சள் பையைத் தூக்கிப் பார்க்கிறார். காம்பு முள் துணியைத் துளைத்துக்கொண்டு விரலில் ஏறுகிறது) அப்பா! லஞ்சம் கொடுக்கிறவர்கள் குத்தாத பொருளாகப் பார்த்துக் கொடுக்கக் கூடாதா?

மங்கம்மாள்: லஞ்சமா? வெறுங்கையோடு போய் யாரையும் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதுவும் இது புவிசார் குறியீடு வாங்கிய காய். சரி, உள்ளே இருக்கிற டாக்டரம்மா எப்படி? வாய்விட்டுப் பேசுவார்களா?

ஏகாம்பரம்: குழந்தையின் இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், பனிக்குட நீர் என்று எல்லாவற்றையும் பேசுவார். நீங்கள் கேட்கப்போகிறதை மட்டும் பேசமாட்டார்.

மங்கம்மாள்: நான் இன்னும் ஒன்றும் கேட்கவே இல்லையே!

ஏகாம்பரம்: கத்திரிக்காய் கேட்டுவிட்டது. கிலோ என்ன விலை சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பலகையையும் படித்துவிடுங்கள்.

மங்கம்மாள்: கண்ணாடி கொண்டுவரவில்லை.

ஏகாம்பரம்: நான் படிக்கிறேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே பார்த்துச் சொல்லமாட்டார்கள். அது சட்டப்படி குற்றம். தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது.

மங்கம்மாள்: அது ஊருக்காக எழுதி வைத்தது. பஸ்ஸில் 'படியில் நிற்காதே' என்றுகூடத்தான் எழுதியிருக்கிறது. இன்று அணைக்கட்டிலிருந்து நான் படியில் நின்றுதான் வந்தேன்.

ஏகாம்பரம்: படியில் நின்றால் கண்டக்டர் திட்டுவார், அவ்வளவுதான். இது 1994ஆம் ஆண்டுச் சட்டம். பார்த்துச் சொல்கிற டாக்டருக்கு மூன்றாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சொல்லும்படி கேட்டு வருகிறவருக்கும் மூன்றாண்டு வரை சிறை. அபராதம் மட்டும் 50,000 ரூபாய் வரை.

மங்கம்மாள்: இது எந்த ஊர் நியாயம்? சொல்கிறவருக்குப் பத்தாயிரம், கேட்கிறவளுக்கு ஐம்பதாயிரமா?

ஏகாம்பரம்: டாக்டரின் பெயரை ஐந்து ஆண்டுக்குப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். மறுபடியும் மாட்டினால் ஆயுளுக்கும் ஊசி போட முடியாது.

மங்கம்மாள்: என் பெயர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. அதிலிருந்து எடுத்துவிட்டால் சர்க்கரை போய்விடும். சரி, நான் கேட்கவில்லை. மருமகளே கேட்டால்? சுமக்கிறவள் அவள்தானே?

ஏகாம்பரம்: அவரைச் சட்டம் தொடாது. கர்ப்பிணி கேட்டால், புருஷனோ வீட்டாரோ கட்டாயப்படுத்தித்தான் கேட்டிருக்கிறார் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பாடு.

மங்கம்மாள்: அவள் வாயைத் திறந்தாலும் உள்ளே போகிறவள் நானா? இதை எழுதியவர் யார் வீட்டு மருமகளோ, நன்றாக இருக்கட்டும்.

(அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. ஆண்டுக்கணக்கில் அந்தப் பலகைக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் சட்டம் தலையில் சொட்டத்தானே செய்யும்.)

ஏகாம்பரம்: இப்படி என்ன அவசரம்? இன்னும் நான்கு மாதம் போனால் தானாக வெளியே வந்து அழுது சொல்லப்போகிறது.

மங்கம்மாள்: அதற்குள் பெயர்ச் சண்டையை முடிக்க வேண்டும் அண்ணா. மூத்தவள் பிறந்தபோது நான் நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் சம்பந்தியம்மாள் தன் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டாள். இப்போது என் வீட்டில், என் பேத்தியை, அவள் பெயரைச் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிடுகிறேன்.

ஏகாம்பரம்: அடடா.

மங்கம்மாள்: இது பெண் என்றால் என் பெயர், பேச்சே கிடையாது. ஆண் என்றால் என் வீட்டுக்காரர் பெயர் வர வேண்டும். ஆனால் சம்பந்தியும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பெயருக்கும் ஆள் கிளம்புவார்கள். எந்தச் சண்டைக்கு ஆயத்தமாவது?

ஏகாம்பரம்: இரண்டுக்கும்.

மங்கம்மாள்: என் வயதுக்கு ஒன்றுதான் தாங்கும்.

ஏகாம்பரம்: பெயரில் என்ன இருக்கிறது அம்மா? நான் பிறந்தபோது எங்கள் விலாசம் வடாற்காடு. 1989இல் பிரித்து வடாற்காடு அம்பேத்கர் என்றார்கள். பிறகு வேலூர் என்றார்கள். வீடும் நானும் அதே காட்பாடியில்தான் இருக்கிறோம்.

மங்கம்மாள்: என் தங்கை வாலாஜாவில் இருக்கிறாள். 2019இல் அவள் ஊரை ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்த்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் இன்றுவரை வேலூர் மாவட்டம் என்றுதான் அச்சடிக்கிறாள். பெயர் சும்மா இல்லை அண்ணா.

ஏகாம்பரம்: மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். பெண் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

மங்கம்மாள்: என்ன செய்வேன்? மூத்தவள் என் உயிர். இன்னொருத்தி வந்தால் அவளும் உயிர்தான். என்ன, ஒரு பெருமூச்சு விடுவேன்.

ஏகாம்பரம்: அந்தப் பெருமூச்சுக்குத்தான் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

மங்கம்மாள்: பெருமூச்சுக்கு மூன்று வருஷமா?

ஏகாம்பரம்: நீங்கள் விடுவீர்கள். அடுத்த வீட்டில் வெறும் பெருமூச்சோடு நிற்காது.

(மங்கம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தானையால் விசிறிக்கொள்கிறார். பிறகு குரலை மாற்றிக்கொள்கிறார்.)

மங்கம்மாள்: கத்திரிப் பூவைப் பார்த்தே இது காய்க்கும், இது உதிரும் என்று சொல்லிவிடுவேன். பூவுக்கு நடுவில் சூல்தண்டு நீண்டிருந்தால் காய். குட்டையாக இருந்தால் கீழே. இந்த ஒரு வயிறுதான் எனக்குப் பிடிகொடுக்கவில்லை. நான் பார்த்தால் கூராக இருக்கிறது, கூர் என்றால் ஆண். எதிர்வீட்டு முனியம்மாள் உருண்டை என்கிறாள். அவள் கண்ணுக்கு முருங்கைக்காய்கூட உருண்டைதான்.

ஏகாம்பரம்: வேறு என்ன தடயம்?

மங்கம்மாள்: படி ஏறும்போது வலது கால் முதலில் வைக்கிறாளா என்று பார்த்தேன். இன்று பஸ்ஸில் எந்தக் கால் முதலில் ஏறியது என்று அவளுக்கே தெரியாது. நான் பின்னாலிருந்து தள்ளினேன். கனவு கேட்டேன். என் மகனுக்கு முன்னால் நான் விரிஞ்சிபுரம் போனேன். கார்த்திகைக் கடை ஞாயிறு, சிம்மக் குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு கோயிலில் படுத்தேன். கனவில் ஒரு பெரியவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். மருமகளை என்ன கனவு கண்டாய் என்று கேட்டால், செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோன கனவு என்கிறாள்.

ஏகாம்பரம்: அதற்கு என்ன பலன்?

மங்கம்மாள்: யாரைக் கேட்பது? கடைசியில் ஒன்றுதான் நம்பிக்கையாக இருந்தது. முதல் பிள்ளையின் பிடரியைப் பார்க்க வேண்டும். முடி கூராகக் கீழே இறங்கினால் அடுத்தது தம்பி. கத்தரித்தது போல நேராக நின்றால் தங்கை.

ஏகாம்பரம்: பார்த்தீர்களா?

மங்கம்மாள்: பார்ப்பதற்கு முதல்நாள் என் மகன் பிள்ளையைத் திருத்தணிக்குத் தூக்கிப்போய் மொட்டை அடித்துக் கூட்டிவந்துவிட்டான்.

ஏகாம்பரம்: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) எல்லாவற்றுக்கும் அவர்தானே காரணம். தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம். தகப்பனிடமிருந்து எக்ஸ் போனால் பெண், ஒய் போனால் ஆண். உள்ளே சுவரில் படம் மாட்டியிருக்கிறார்கள்.

மங்கம்மாள்: அப்படியானால் முடிவு செய்தது என் மகனா? ஹோட்டலில் இட்லியா தோசையா என்று முடிவு செய்ய அவனுக்கு அரை மணி நேரம் ஆகுமே!

ஏகாம்பரம்: அவர் கையிலும் இல்லை அம்மா. எது முந்துகிறதோ அது.

மங்கம்மாள்: ஆக, நான்கு வருஷமாக மருமகளை முறைத்ததெல்லாம் வீணா? சரி, டாக்டரம்மா வாயால் சொல்ல வேண்டாம். மருமகளை அனுப்பும்போது சிரித்தால் ஒன்று, சிரிக்காவிட்டால் ஒன்று.

ஏகாம்பரம்: அதற்கும் இடம் கொடுக்கவில்லை. சொல்லாலோ, சைகையாலோ, வேறு எந்த வழியிலுமோ தெரிவிக்கக் கூடாது. இனிப்பின் பெயரைச் சொல்லி ஜாடை காட்டி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மங்கம்மாள்: இனிப்பா? நம் ஆற்காடு மக்கன் பேடா மாதிரியா?

ஏகாம்பரம்: உரக்கச் சொல்லாதீர்கள்! (பதற்றத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார்.)

மங்கம்மாள்: (உற்றுப் பார்த்து) நீலத் துண்டு. சரி.

ஏகாம்பரம்: என்ன சரி?

மங்கம்மாள்: ஒன்றுமில்லை அண்ணா. புரிந்துகொண்டேன்.

ஏகாம்பரம்: என்ன புரிந்தது? வேலூரில் மே மாதம் வியர்வையைத் துடைப்பது சைகையா?

மங்கம்மாள்: வலது கன்னத்தை முதலில் துடைத்தீர்கள்.

ஏகாம்பரம்: இதோ, இடது கன்னத்தையும் துடைக்கிறேன்!

மங்கம்மாள்: ஐயோ, இரட்டையா?

ஏகாம்பரம்: அம்மா! நான் வாசலுக்கு வெளியே இருக்கிறேன். உள்ளே மின்விசிறி ஓடுகிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது!

(நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் போல அசையாமல் இருக்கிறார். ஓர் ஈ வந்து மூக்கின்மேல் உட்காருகிறது. விரட்டவில்லை.)

மங்கம்மாள்: எந்தப் பக்கம் உட்கார்ந்தது பார்த்தீர்களா?

ஏகாம்பரம்: (உதடு அசையாமல்) ஈயையும் போலீஸில் பிடித்துக் கொடுக்கப்போகிறீர்களா?

மங்கம்மாள்: சரி சரி, ஓட்டுங்கள், நான் பார்க்கவில்லை. (சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்துத் துடைக்கிறார்.) ஒரு வகையில் கடைசிச் சண்டை இதுதான். அரசாங்கம் கொடுக்கிற பதினெட்டாயிரமும் இரண்டு பிரசவம் வரைக்கும்தான். மூன்றாவதற்கு மருமகளும் ஒப்பமாட்டாள்.

(ஏகாம்பரம் உள்ளே எட்டிப் பார்க்கிறார். சந்தின் இரு பக்கமும் பார்க்கிறார். நாற்காலியைத் திண்ணைப் பக்கம் நகர்த்துகிறார்.)

ஏகாம்பரம்: அம்மா... அந்தப் பிடரி விஷயம்.

மங்கம்மாள்: எது?

ஏகாம்பரம்: கூராக இறங்கினால் தம்பி, நேராக நின்றால் தங்கை என்றீர்களே. கூராகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினால்?

மங்கம்மாள்: யாருக்கு?

ஏகாம்பரம்: என் பேரனுக்கு. மகளை ஆம்பூரில் கொடுத்திருக்கிறேன். இது இரண்டாவது, ஏழாம் மாதம்.

மங்கம்மாள்: ஓகோ! கேட்கிறவருக்கு எவ்வளவு என்று சொன்னீர்கள்? ஐம்பதாயிரம் அல்லவா?

ஏகாம்பரம்: அது ஸ்கேனுக்கு அம்மா. பிடரிக்கு அபராதம் இல்லை.

மங்கம்மாள்: நான் வாய் திறக்கமாட்டேன். எனக்கு ரேஷன் கார்டு முக்கியம்.

ஏகாம்பரம்: வாய் திறக்க வேண்டாம். கொஞ்சம் தலையை மட்டும்...

மங்கம்மாள்: சொல்லாலும் கூடாது, சைகையாலும் கூடாது! (வெற்றிலையை மடித்து வாயில் போடுகிறார்.)

ஏகாம்பரம்: இரண்டு வெற்றிலை போட்டீர்கள்.

மங்கம்மாள்: ஒன்று கிழிந்திருந்தது அண்ணா.

ஏகாம்பரம்: இடது கடைவாயில் அடக்குகிறீர்கள்!

மங்கம்மாள்: வலது பக்கம் சொத்தைப் பல்! (கழுத்தைச் சொடுக்கிக்கொள்கிறார்.)

ஏகாம்பரம்: (முகம் மலர்ந்து) போதும் அம்மா, போதும். புரிந்துகொண்டேன்.