லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்கலாமா? அந்த வாட்ஸ்அப் செய்தி பொய்

"தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைக்க இனி லைசென்ஸ் வேண்டாம், செயின் பறிப்பவனைச் சுட்டாலும் வழக்கு கிடையாது" என்று மதுரைக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1959 ஆயுதச் சட்டம் 3ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் கட்டாயம். மாநகருக்குள் போலீஸ் கமிஷனரும், மேலூர், உசிலம்பட்டி பக்கம் கலெக்டரும் தருவார்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு.

தற்காப்பு உரிமை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. நகையை அறுத்துக்கொண்டு பைக்கில் ஓடுகிறவனால் அந்த நொடியில் உங்கள் உயிருக்கு ஆபத்தில்லை. அவன் முதுகில் சுட்டால் கொலை வழக்கு வரலாம்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டை நினைத்துப் பாருங்கள். குறி தப்பினாலும், உடலைத் துளைத்து வெளியேறினாலும், அந்தக் குண்டு பின்னால் பஸ்ஸுக்கு நிற்பவர் மீது பாயலாம். ஆறேழு மீட்டர் தூரத்தில் கத்தியோடு நிற்பவன் ஒன்றரை நொடியில் உங்களை நெருங்கிவிடுவான். இடுப்பிலிருந்து எடுத்துச் சுடப் பெரும்பாலும் அந்த நேரம் போதாது. ஓடிவரும் போலீசுக்கோ, கையில் துப்பாக்கியோடு நிற்கும் நீங்கள்தான் குற்றவாளியாகத் தெரிவீர்கள்.

விலகி நின்று அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள். வண்டி எண், நிறம், போன திசை சொன்னாலே பெரிய உதவி.

சட்டப் பிரிவுகளை 'இந்தியா கோட்' அரசு இணையதளத்தில் பார்க்கலாம். அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைப் போடுங்கள்.