பொருள் எண் 47

நகர்மன்றக் கூட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மறுநாள் செய்தித்தாளில் வெளியாகும் அந்த ஒரு படம்தான். காலிக் குடத்தோடு வந்து நிற்கும் கவுன்சிலர், கலங்கிய தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக் காட்டும் இன்னொருவர், ஓரத்தில் கோப்புக்குள் தலையைப் புதைத்திருக்கும் ஆணையர். "இவர்களுக்கு இதே வேலை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். எனக்கோ சத்தம் கேட்கும்வரை பயமில்லை. சத்தம் அடங்கிய பிறகு வரும் பத்து நிமிடங்களில்தான் ஊர்ச் சொத்து கைமாறுகிறது.

போன மாதம் எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அஜெண்டாவில் மொத்தம் 72 பொருள்கள். முதல் ஒன்றரை மணி நேரம் தெருவிளக்கு, தெருநாய், நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் குடிநீர், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாமல் விட்ட சாலை. இதையெல்லாம் நான் கேலி செய்யவில்லை. காலையில் வாசலுக்கு வந்து நிற்கும் வாக்காளர் கேட்பது இதைத்தான். ஒரு கவுன்சிலர் தொண்டை கிழியக் கத்தினால்தான் அந்த விளக்கு எரிகிறது. ஆனால் கத்தி முடித்தபோது மணி ஒன்றாகிவிட்டது. பக்கத்து அறையில் சாப்பாடு தயார். எழுத்தர் எழுந்து, "பொருள் எண் 20 முதல் 72 வரை" என்றார். மேஜைகள் தட்டப்பட்டன. ஐம்பத்து மூன்று தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறும் தறுவாயில் இருந்தன.

அஜெண்டாவைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு தனித் தமிழ். ஒரு பக்கத்துக்கு நீளும் ஒரே வாக்கியம், "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது" என்று முடியும். கீழே "அலுவலகக் குறிப்பு: அனுமதிக்கலாம்." அவ்வளவுதான். ஏன் அனுமதிக்கலாம், அனுமதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இருக்காது.

47-ஆவது பொருள் இப்படித்தான் இருந்தது. நகராட்சியின் வருவாயைப் பெருக்கும் பொருட்டு, இன்ன வார்டு, இன்ன பிளாக், இன்ன டி.எஸ். எண்ணில் (நகர நில அளவை எண்) உள்ள நகராட்சிக்குச் சொந்தமான இடத்தில் 12 கடைகள் கொண்ட வணிக வளாகம் கட்டி ஏலம் விடலாமா என்று கேட்டிருந்தார்கள். தெருப் பெயர் இல்லை, அடையாளம் இல்லை. எனக்கு அது எந்த இடம் என்று தெரிந்ததற்குக் காரணம் என் வீட்டுப் பத்திரம். என் மனையின் மேற்கு எல்லையாக அதில் எழுதியிருக்கும் எண்ணும் இந்த எண்ணும் ஒன்றே. அது எங்கள் மனைப்பிரிவின் விளையாட்டுத் திடல்.

அந்தத் திடல் எப்படி நகராட்சிக்கு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் உள்ள விதி. தானம் என்று பெயர்தான். அந்தப் பத்து சதவீதத்தின் விலையை எந்த மனை வியாபாரியும் தன் பையிலிருந்து போடுவதில்லை. மற்ற மனைகளின் விலையில் ஏற்றி எங்களிடம் வாங்கிவிட்டார். ஆகக் கொடுத்தவர்கள் நாங்கள். நகராட்சியின் பெயரில் பத்திரம் இருப்பது பாதுகாக்கத்தானே தவிர, காசாக்க அல்ல.

"கடை கட்டினால் வருமானம் வரும், அதில் சாலை போடலாம், நல்ல காரியம்தானே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பெங்களூரிலும் இப்படி ஒரு நல்ல காரியம் நடந்தது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனைக்கே அந்த நிலை. நம்முடையது செல்போன் கடைக்கும் பேன்சி ஸ்டோருக்கும்.

வருமானம்தான் நோக்கம் என்றால், சந்தைக்கு எதிரே நகராட்சிக்கு ஏற்கெனவே ஒரு வரிசைக் கடைகள் இருக்கின்றன. ஏலம் எடுத்தவர் ஒருவர், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். நகராட்சிக்குப் போகும் வாடகையைவிட உள்வாடகை பல மடங்கு. பாக்கிப் பட்டியலும் நீளம். அதைத் தொட்டால் பகை வரும். திடலைத் தொட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

இனி அன்று நடந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் எங்கள் வார்டு கவுன்சிலரின் கணவர். (கவுன்சிலரின் கணவர் என்ற பதவி எந்தச் சட்டத்திலும் இல்லை. பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்ததிலிருந்து ஊர்தோறும் இருக்கிறது.) அவரிடம், "அண்ணே, 47 நம் தெருத் திடல்" என்றேன். "அப்படியா, அதில் அப்படிப் போடவில்லையே" என்றார். நான் பத்திர நகலை நீட்டினேன். அவர் மாடத்திலிருந்து மனைவிக்குச் சைகை காட்டினார். அந்த அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "47-இல் உள்ள டி.எஸ். எண் எந்த இடம் என்று ஆணையர் சொல்ல வேண்டும்."

ஆணையர் நகரமைப்பு ஆய்வாளரைப் பார்த்தார். அவர் தன் பின்னால் நின்றவரைப் பார்த்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட தீர்மானங்களுக்கு மேஜை தட்டிக்கொண்டிருந்த அந்த மன்றத்தில், தாங்கள் எதை விற்கிறோம், எதைக் கட்டுகிறோம் என்று அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. தலைவர் சற்று யோசித்து, "47 மட்டும் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். மற்ற 52-உம் நிறைவேறின. அவற்றில் யாருடைய மேற்கு எல்லை இருந்ததோ.

மன்றங்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நகர்மன்றங்களுக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1992-இல் நிறைவேறி, 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் பன்னிரண்டாம் அட்டவணையில் உள்ள 18 பொறுப்புகளில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நம் நகர்ப்புற மன்றங்களுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மன்றத்தின் இடத்தில் இருந்த தனி அலுவலர்கள் தாமே குறிப்பு எழுதி, தாமே அனுமதித்தார்கள். அந்தப் பழக்கம் அலுவலகத்தை விட்டுப் போகவில்லை.

புதிய மன்றங்கள் பதவியேற்ற அதே மார்ச் மாதக் கடைசியில் சொத்து வரி உயர்வு ஆணையும் வந்தது. சென்னை நீங்கலாகப் பெரும்பாலான ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வரியை உயர்த்தாவிட்டால் மத்திய நிதி ஆணையத்தின் மானியம் வராது என்று காரணம் சொன்னார்கள். சொத்து வரி வசூல் உயர வேண்டும் என்று 15-ஆவது நிதி ஆணையம் நிபந்தனை விதித்ததும் உண்மைதான். பல ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்த வரியை உயர்த்த வேண்டியிருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்காலியின் சூடுகூட உணராத உறுப்பினர்கள் முன்னால் கணக்கைப் போட்டு முடித்து வைத்துவிட்டு, "தீர்மானம் போடுங்கள்" என்றால், அவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் மேஜை தட்டுவதாகத்தானே இருக்கும்?

வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேச, பகுதி சபா என்று ஒன்று வந்தது. 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாகக் கூட்டினார்கள். நானும் போனேன். தெருவிளக்கு பேசினோம், கொசு மருந்து பேசினோம், போட்டோ எடுத்தோம். அஜெண்டாவை அங்கே ஒருவாரம் முன்னதாக வைத்து, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரில் "இன்ன கோயிலுக்குப் பின்புறம்", "இன்ன பள்ளிக்கு எதிரே" என்று எழுதினால் போதும். பைசா செலவில்லை. அந்தக் கோரிக்கையை மனுவாக எழுதிக் கொடுத்து, தபால் பிரிவில் ரப்பர் ஸ்டாம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்று கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அலுவலக ஊழியர் ஒருவர், "சார், அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். திருடனைப் பிடித்துவிட்டவனிடம் கேட்பதுபோல் இல்லை. திருடியவனிடம் கேட்பதுபோல் இருந்தது.

நாளைக் காலை 10.30-க்கு அடுத்த கூட்டம். அஜெண்டா நேற்று இரவு கைக்குக் கிடைத்தது. கடைகள் 12-லிருந்து 8 ஆகியிருக்கின்றன. "நகராட்சிக்குச் சொந்தமான இடம்" என்பது "பயன்பாடற்ற காலியிடம்" என்று மாறியிருக்கிறது. டி.எஸ். எண் அதேதான். பொருள் எண் இந்த முறை 63.