ஜார்ஜ் வாஷிங்டனுக்கு நேரடி வாரிசு கிடையாது

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் நேரடி வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள் என்று ஒரு குடும்ப ஓவியத்தோடு பரவும் தகவல் தவறு. அவருக்குச் சொந்தப் பிள்ளைகளே இல்லை.

ஓவியம் உண்மையானதுதான், எட்வர்ட் சாவேஜ் வரைந்தது. அதில் உலக உருண்டைமேல் கை வைத்து நிற்கும் சிறுவனும், மேசையருகே நிற்கும் சிறுமியும் மனைவி மார்த்தாவின் பேரப்பிள்ளைகள். மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் கஸ்டிஸ் வழி வந்தவர்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பா 1781-இல் இறந்துபோக, வாஷிங்டன் தம்பதிதான் அவர்களைத் தங்கள் மவுண்ட் வெர்னன் மாளிகையில் பாசமாக வளர்த்தார்கள். பாசம் வேறு, ரத்த உறவு வேறு. பின்னாளில் அந்தச் சிறுவனின் மகளைத்தான், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தளபதியாக இருந்த ராபர்ட் லீ மணந்தார்.

வர்ஜீனியாவில் குடியேறிய ஜான் வாஷிங்டனின் கொள்ளுப்பேரன் ஜார்ஜ். ஜார்ஜின் தம்பிகளின் சந்ததி இன்றும் தழைத்திருக்கிறது. மவுண்ட் வெர்னன் மாளிகைகூடத் தம்பி மகன் புஷ்ராடுக்குத்தான் போனது.