அசை வேறு, உறுப்பு வேறு

மணலில் வாழும் செடிகளைக் குறிக்கும் ‘சமோஃபிலஸ்’ (psammophilous) என்ற ஆங்கிலச் சொல்லை உங்கள் கட்டுரையில் சமோ–ஃபில்–அஸ் என்று அசை பிரித்திருக்கிறீர்கள். அது அசை, அதாவது ஒலிப்பில் விழும் பிரிவு இல்லைங்க; சொல்லுறுப்பு, அதாவது பொருள் தரும் பகுதி. கிரேக்கத்தில் ‘ப்சாம்மோஸ்’ மணல், ‘ஃபிலோஸ்’ விருப்பமுள்ளது. கடைசி ‘அஸ்’ லத்தீன் வழி வந்த விகுதி. ஆங்கில எழுத்தில் முதலில் நிற்கும் ‘ப்’ ஒலிப்பதில்லை. அசை ச–மோஃப்–இ–லஸ் என்று விழும், அழுத்தம் இரண்டாவதில். ‘ஃபில்’ நடுவிலேயே உடைகிறது, பாருங்கள்.

காட்பாடியில் டியூஷன் பிள்ளைகளுக்குப் பாலாற்று மணலைக் காட்டித்தான் சொல்வேன். ‘மணலில்’: உறுப்பாகப் பிரித்தால் மணல்+இல். அசையாகப் பிரித்தால் மண–லில், நிரை நேர், யாப்பு வாய்பாட்டில் புளிமா. லகரம் அடுத்த அசைக்குப் போய்விடுகிறது. அப்புறம் அந்தக் கிரேக்கச் சொல்லைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படுவதே இல்லை. கட்டுரையில் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள்.