ஐசிடி வைத்தாயிற்று, அப்புறம்?

இதயம் நின்று பிழைத்தவருக்கு ஐசிடி (துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சீராக்க, உடலுக்குள் பொருத்தும் சிறு கருவி) வைத்துவிட்டால் கவலையில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிகிறது. அப்படி விட முடியாது. முதல் 4–6 வாரம் கருவி உள்ள பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கினால், கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர் நகரக்கூடும். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும்.

கருவியிலிருந்து செல்போன் 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், இண்டக்‌ஷன் அடுப்பு 60 செ.மீ. தள்ளி. குனிந்து தாளிக்கும்போதுதான் இது மறந்துபோகும்!

கருவி ஒரு ஷாக் அடித்து ஆள் தெளிவாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். அடுத்தடுத்து அடித்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி இருந்தாலோ உடனே 108.

காலையில் மாத்திரை போட்டது மதியம் பலருக்கு நினைவிருக்காது. இதயம் நின்றபோது மூளைக்கு ரத்தம் போகாத அந்தச் சில நிமிடங்களின் விளைவு அது. திட்டாமல், கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள்.