அப்பாவின் பிரிண்டர்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லை, அதனால் விண்டோஸ் 11 ஏறாது. சரி என்று, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். யூடியூப், மெயில், வீடியோ கால் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது.

பிரிண்டர் மட்டும் அசையவில்லை. அதைச் செய்த கம்பெனி விண்டோஸுக்கு மட்டும்தான் டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், தந்திருக்கிறது. ஒரு ரயில் டிக்கெட்டை அச்செடுக்க, எழுபது வயது மனிதர் வெயிலில் ஜெராக்ஸ் கடைக்கு நடக்கிறார். யாரைக் கேட்டாலும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து 'சூடோ' என்று தொடங்கும் கட்டளையை அடிக்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு எதற்கு அந்தக் கறுப்புத் திரை?

லினக்ஸ் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லவே மாட்டேன். பிரிண்டரைக் காசு வாங்கி விற்றவர்கள் இன்னொரு டிரைவர் எழுதித் தந்தால் என்ன குறைந்துவிடும்? நேற்றும் அப்பா கேபிளைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.